ஆந்தைச் சூனியக்காரி பிறந்த கதை

கிருஷ்ணகிரி மாவட்டத்து மத்தூரில் கைக்குழந்தை இருக்கும் வீடுகளில் எழுதாத சட்டம் ஒன்று உண்டு. பொழுது சாய்வதற்குள் குழந்தைத் துணிகளைக் கொடியிலிருந்து எடுத்துவிட வேண்டும். விளக்கு வைத்த பிறகு மேலே பறவை பறந்தால் அதன் நிழல் துணியில் விழும். அந்தத் துணியைக் கட்டிய பிள்ளைக்குப் பட்சி தோஷம் பிடிக்கும். பால் கக்கும், பச்சையாகப் பேதி போகும், கை கால் சூம்பும், ராத்திரி முழுக்க வீறிட்டு அழும். மருமகள் போச்சம்பள்ளி சிப்காட்டில் ஷிஃப்டில் இருந்தாலும், கம்பெனி பஸ்ஸில் ஓசூர் போய் வருகிறவளாக இருந்தாலும், வீட்டில் இருக்கும் மாமியார் அந்த வேளைக்குச் சரியாகக் கொடியடிக்குப் போய்விடுவார். தமிழ்நாட்டின் பல ஊர்களிலும் இதே வழக்கம்தான். சித்த வைத்தியத்தின் பாலவாகட மரபு பட்சி தோஷத்தைக் குழந்தை நோய்களின் வரிசையிலேயே வைத்திருக்கிறது.

எந்தப் பட்சி என்று கேட்டால் சிலர் வௌவாலைச் சொல்வார்கள். பெரும்பாலோர் ஆந்தை என்பார்கள், கூகை என்பார்கள், சாக்குருவி என்பார்கள். இன்னும் கொஞ்சம் பேச்சுக் கொடுத்தால், "அது வெறும் பட்சின்னா நெனச்சே?" என்று பாட்டிமார்களின் குரல் தாழ்ந்துவிடும். ஆந்தை பெண்ணாக மாறுவது அந்தத் தாழ்ந்த குரலில்தான்.

இந்தப் பெண் உலகம் முழுக்க இருக்கிறாள். பகலில் கிழவி, இரவில் ஆந்தை. அல்லது செத்தவள், திரும்பி வரும்போது சிறகோடு வருகிறாள். மெக்சிகோவிலும் டெக்சாஸிலும் அவள் பெயர் லெச்சூசா. கைக்குழந்தை அழுவதுபோல வாசலுக்கு வெளியே அழுது ஆளை இழுப்பாளாம். ஐரோப்பாவில் அவளுக்குப் பல பெயர்கள். மலாய் நாட்டில் அவளுக்குத் தனி வரலாறே உண்டு. எங்கே பிறந்தவள் இவள்? சுடுகாட்டில் என்றுதான் யாரும் நினைப்போம். நான் படித்த கதைகளெல்லாம் என்னை வேறோர் இடத்தில் கொண்டுபோய் நிறுத்தின. தொட்டிலடியில்.

ரோமானியரிடமிருந்து தொடங்குகிறேன், எழுத்தில் அவர்கள் தெளிவாக விட்டுச் சென்றிருப்பதால். கி.பி. 8இல் நாடு கடத்தப்பட்ட கவிஞர் ஓவிட், ரோமானியத் திருநாள்களைப் பற்றி எழுதிய 'ஃபாஸ்டி' நூலின் 6ஆம் பகுதியில் ஸ்ட்ரிக்ஸ் என்ற இரவுப் பறவைகளைப் பற்றிச் சொல்கிறார். பெரிய தலை, முறைத்த கண், பறித்துத் தின்பதற்கென்றே அமைந்த அலகு, கொக்கிபோன்ற நகம். தாதி இல்லாத நேரம் பார்த்து இவை தொட்டிலுக்கு வந்து குழந்தையின் ரத்தத்தைக் குடிக்கும். புரோக்கா என்ற அரச குழந்தை பிறந்து ஐந்தே நாள். அதன்மேல் இந்தப் பறவைகள் விழுகின்றன. தாதி ஓடிவந்து பார்க்கும்போது கன்னத்தில் நகக்கீறல், உடம்பில் பழுத்த இலையின் நிறம். கிரேனே என்ற தேவதை வருகிறாள். நிலைக்கதவை ஒருவகை மரக்கிளையால் தொடுகிறாள், வாசலில் மந்திர நீர் தெளிக்கிறாள், இரண்டு மாதப் பன்றிக்குட்டியின் குடலை எடுத்து, பிள்ளையின் உயிருக்கு இந்த உயிர் என்று பறவைகளுக்குப் படைக்கிறாள். வெளிச்சம் வரும் சின்ன சன்னலில் ஒரு முள்கொம்பைச் செருகுகிறாள். பிள்ளை பிழைக்கிறது. நிலைப்படியில் வேப்பிலை செருகி, தொட்டிலடியில் அரிவாள்மனையோ கத்தியோ வைத்து, பிள்ளையின் மணிக்கட்டில் வசம்பு கட்டிய யாருக்கும் இந்தக் கிரேனேயின் கை பழக்கப்பட்ட கையாகத்தான் தெரியும்.

இந்தப் பறவைகள் பறவையாகவே பிறந்தவையா, இல்லை மந்திரத்தால் கிழவிகளே பறவையாக மாறினார்களா என்று அந்த இடத்தில் ஓவிட் ஒரு கேள்வி போடுகிறார். சூனியக்காரி பிறப்பதை நேரில் பார்ப்பது போன்ற கேள்வி அது. பறவையாக இருந்தால் விரட்டலாம். கிழவியாக இருந்தால் தேட வேண்டும். பின்னால் வந்த ஐரோப்பியர்கள் தேடினார்கள். இத்தாலிய மொழியில் இன்றும் சூனியக்காரிக்கு வழங்கும் 'ஸ்ட்ரேகா' என்ற சொல் அந்தப் பறவையின் வழியில் வந்ததுதான். 2ஆம் நூற்றாண்டில் அப்புலேயஸ் எழுதிய கதையில் பாம்ஃபிலி என்பவள் உடம்பெங்கும் தைலம் பூசிக்கொண்டு ஆந்தையாகி வெளியே பறந்துபோகிறாள். அதற்குள் சந்தேகம் தீர்ந்துவிட்டிருக்கிறது. பெண்தான் பறவையாகிறாள்.

இன்னொரு செய்தியும் ரோமில் கிடைக்கிறது. ஸ்ட்ரிக்ஸ் குழந்தையின் வாயில் தன் முலையை வைத்துப் பாலூட்டும் என்றொரு நம்பிக்கை அங்கே இருந்தது. இதைக் கட்டுக்கதை என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி ஒதுக்கிவிட்டார். ஆனால் செரேனஸ் சம்மோனிக்கஸ் என்பவர் பாட்டாக எழுதிய வைத்திய நூலில் அந்தப் பாலை நச்சுப்பால் என்றே எழுதி, காப்பாகப் பிள்ளைக்குப் பூண்டு கட்டச் சொல்கிறார்.

இரவில் வரும் பறவை, பெண், நச்சுப்பால், தொட்டில். இந்த நாலையும் சேர்த்துச் சொன்னால் நம் ஊரில் யாருக்கும் பூதனை நினைவுக்கு வருவாள். நமக்குத் தெரிந்த பூதனை அழகான பெண் வேடத்தில் ஆய்ப்பாடிக்குள் நுழைந்தவள். பாகவதம் அப்படித்தான் சொல்கிறது. ஆழ்வார்கள் அவளைப் பேய்ச்சி என்றார்கள். பாகவதத்துக்கு முந்தைய ஹரிவம்சத்தில் அவள் வருகை வேறு மாதிரி. கம்சனின் தாதியான பூதனை நள்ளிரவில் பெண்பறவை வடிவெடுத்து, சிறகடித்துக்கொண்டு, முலையில் பால் வழிய, கண்ணன் கிடந்த வண்டியருகே வந்து இறங்குகிறாள். ஹரிவம்சம் அதை ஆந்தை என்று பெயர் சொல்லவில்லை. நள்ளிரவில் சிறகடித்து வருவது எது என்பதைக் கேட்பவர்கள் முடிவு செய்துகொள்ளலாம்.

பழைய வைத்திய நூலான சுசுருத சம்ஹிதையின் உத்தர தந்திரம் குழந்தைகளைப் பிடிக்கும் ஒன்பது கிரகங்களை வரிசைப்படுத்துகிறது. அவற்றில் பூதனை ஒன்று. சகுனி இன்னொன்று, பறவை என்பதுதான் அந்தப் பெயர். சகுனி பிடித்த குழந்தையின் அடையாளங்களை அந்த நூல் நெருங்கி உட்கார்ந்து பார்த்து எழுதியிருக்கிறது. உடம்பு துவண்டுபோகும். எதற்கெடுத்தாலும் பயந்து நடுங்கும். மேலெல்லாம் புண் வந்து நீர் வடியும். பிள்ளையின் மேல் பறவை வாடை அடிக்கும். எழுதியவர் எத்தனை பிள்ளைகளைத் தூக்கி முகர்ந்து பார்த்திருந்தால் அந்தக் கடைசி அடையாளத்தை எழுதியிருப்பார்! மதுராவில் கிடைத்த குஷானர் காலச் சிற்பங்களில் பறவைத் தலையோடு தாய்மார் இருக்கிறார்கள். பயந்தவர்கள் கும்பிட்டும் இருக்கிறார்கள்.

மெசப்பொத்தேமியாவில் லமாஷ்டு என்ற அரக்கி இருந்தாள். பிரசவித்தவளையும் சிசுவையும் தேடி வருபவள். காலில் பறவை நகம். லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் சுமார் 3800 ஆண்டுப் பழமையான சுடுமண் பலகை ஒன்று இருக்கிறது. சிறகும் பறவைக் காலுமாக ஒரு பெண் நிற்கிறாள், இரண்டு பக்கமும் இரண்டு ஆந்தைகள். அவள் யார் என்பதில் அறிஞர்கள் ஒத்துப்போகவில்லை. அந்த ஆந்தைகளைப் பார்த்தவர்களில் பலர் அவளை லிலித் என்றார்கள். லிலித்தும் யூத மரபில் பச்சைக் குழந்தைகளைக் கொண்டுபோகிறவள்தான்.

கிழக்கே வந்தால் கதை இன்னும் துயரமாகிறது. மலாய் நம்பிக்கைகளைத் தொகுத்து டபிள்யூ. டபிள்யூ. ஸ்கீட் 1900இல் வெளியிட்ட நூலில் லங்சுயிர் என்பவளின் பிறப்பு சொல்லப்பட்டிருக்கிறது. ஓர் அழகான பெண். தன் குழந்தை செத்தே பிறந்தது என்று கேட்ட அதிர்ச்சியில் உயிரை விட்டவள். அவள் கையைத் தட்டி மரத்துக்குப் பறந்து போனாளாம், ஆந்தையாக. அதனால் பிரசவத்தில் இறந்த பெண்ணைப் புதைக்கும்போது வாயில் கண்ணாடி மணிகளைப் போடுவார்கள், அலற முடியாதபடி. இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு கோழிமுட்டை வைப்பார்கள், கையை விரித்துப் பறக்க முடியாதபடி. உள்ளங்கையில் ஊசி செருகுவார்கள். பிடித்து நகத்தையும் நீண்ட கூந்தலையும் வெட்டி, கழுத்திலுள்ள ஓட்டையில் திணித்துவிட்டால் லங்சுயிர் சாதாரணப் பெண்ணாகிவிடுவாளாம். கல்யாணம் செய்துகொள்வாள், பிள்ளை பெறுவாள், வருடக்கணக்காகக் குடும்பம் நடத்துவாள். ஊர்த் திருவிழாவில் ஒருநாள் ஆடவிட்டால் போதும், பழைய உருவம் வந்து பறந்துவிடுவாள். அக்குளில் முட்டை வைத்த அந்தக் கைகளை நினைத்தால் எனக்குப் பேயின் பயம் வருவதில்லை. வைத்தது அவளைப் பெற்றவளாகவும் இருந்திருக்கும்.

இலங்கையில் உலமா. சிங்களக் கிராமங்களில் சொல்லப்படுவது இப்படி: மனைவியின் மேல் சந்தேகப்பட்ட ஒருவன், அவள் இல்லாத நேரத்தில் கைக்குழந்தையைக் கொன்று கறியாக்கி வைக்கிறான். வந்தவள் சாப்பிட உட்காருகிறாள். சோற்றில் சின்ன விரல் தட்டுப்படுகிறது. காட்டுக்குள் ஓடியவள் பறவையாகிறாள். இன்றும் இரவில் கேட்கும் அந்தக் கூக்குரல் அவளுடையது. பறவை ஆய்வாளர்கள் அந்தக் குரலுக்குச் சில பறவைகளைச் சொல்கிறார்கள். அவற்றில் முதலில் நிற்பது காட்டில் வாழும் பெரிய கொம்பு ஆந்தை ஒன்று. மற்றக் கதைகளில் பெரும்பாலும் குழந்தையைக் கொல்ல வருபவள் ஆந்தைப் பெண். இந்த ஒன்றில் மட்டும் ஆந்தை உண்மையைச் சொல்கிறது. கொன்றவன் வீட்டுக்குள் இருந்தவன்.

இதைப் படிக்கும்போது எங்கள் மாவட்டத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2004 பிப்ரவரி வரை கிருஷ்ணகிரி தனி மாவட்டம் இல்லை, தருமபுரி மாவட்டத்தின் பகுதியாக இருந்தது. சேலம், தருமபுரி என்றால் பெண்சிசுக் கொலை என்று பத்திரிகைகள் எழுதிய காலம் ஒன்று இருந்தது. தொட்டில் குழந்தைத் திட்டம் 1992இல் சேலத்தில் தொடங்கி, 2001இல் தருமபுரி உள்ளிட்ட மாவட்டங்களுக்கு விரிந்தது அதனால்தான். அரசே வாசலில் தொட்டில் வைத்து, கொல்லாதீர்கள், இங்கே போட்டுவிட்டுப் போங்கள் என்று கெஞ்ச வேண்டியிருந்தது. பிள்ளை எப்படிப் போனது என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தேவைப்பட்ட வீடுகளில், பட்சியின் மேல் பழி போடுவது எவ்வளவு வசதியாக இருந்திருக்கும்!

தமிழின் பழைய பாடல்களில் இந்தச் சூனியக்காரி இல்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். நற்றிணை 83ஆம் பாட்டில், ஊர் வாசலில் நீர்த்துறைப் பக்கம் கடவுள் குடியிருக்கும் முதுமரத்தில் வாழும் கூகையிடம் தோழி பேசுகிறாள். ஆட்டுக்கறியும் நெய்ச்சோறும் தருகிறோம், சுட்ட எலி தருகிறோம், எங்கள் காதலர் வருகிற நேரத்தில் மட்டும் அஞ்சும்படி குரல் எழுப்பாதே என்கிறாள். கூகை அங்கே பக்கத்து வீட்டுக்காரர். அதற்கு என்ன பிடிக்கும் என்று ஊருக்குத் தெரியும், முக்கியமாக எலி. புறநானூறு 364இல் அது தாழி புதைத்த காட்டில், மரப்பொந்தில் இருந்து குரல் கொடுக்கிறது. அந்தப் பாட்டை எழுதிய புலவரின் சொந்தப் பெயர் மறைந்து, கூகைக்கோழியார் என்றே நின்றுவிட்டார். வள்ளுவருக்குக் கூகை காலமறிதலுக்கான உவமை: இரவில் வெல்லும், பகலில் காக்கையிடம் தோற்கும். மரணத்தின் பக்கத்தில் இந்தப் பறவையை நிறுத்தியவர்கள் உண்டு. பிள்ளையைத் தின்றவளாக்கியவர்களை நான் அங்கே காணவில்லை.

ஆனாலும் ஏன் ஆந்தை? நோயாளியின் வீட்டுக்கு ஆந்தை வருவது கட்டுக்கதை இல்லை, வரத்தான் செய்யும். மின்சாரம் வராத காலத்து ஊரை நினைத்துப் பாருங்கள். எட்டு மணிக்கெல்லாம் ஊர் அணைந்துவிடும். ஒரே ஒரு வீட்டில் மட்டும் விடிய விடிய விளக்கு எரியும், பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் வீட்டில். விளக்குக்குப் பூச்சி வரும். பூச்சிக்குப் புள்ளி ஆந்தை வரும். கூரையிலோ முருங்கைக் கிளையிலோ உட்கார்ந்து கத்தும். மற்ற வீடுகளில் எல்லாரும் தூங்குகிறார்கள், அவர்கள் காதில் விழாது. விழித்திருப்பவள் தாய் ஒருத்திதான். விடியும்போது பிள்ளை போய்விட்டால், அந்த இரவில் அவள் கேட்ட ஒரே குரல் ஆந்தையுடையது. ஜெர்மனியிலும் நம் புள்ளி ஆந்தையின் நெருங்கிய உறவான சிறு ஆந்தைக்குச் சாவுப்பறவை என்று பேர். "கூட வா" என்று அது கூப்பிடுவதாகக் கேட்டார்கள்.

முகமும் சேர்ந்துகொண்டது. மற்றப் பறவைகளில் பெரும்பாலானவற்றுக்குக் கண் பக்கவாட்டில். ஆந்தைக்கு நம்மைப்போல முன்பக்கம். உடம்பைத் திருப்பாமல் கழுத்தை மட்டும் முக்கால் சுற்றுக்குத் திருப்பும். கூகையின் இறகு விளிம்பில் சீப்புப் பல் மாதிரி நுண்ணிய பிசிறுகள் இருக்கின்றன. அவை காற்றைச் சிதறடிப்பதால் சிறகடிக்கும் ஓசை வருவதில்லை. அடிவயிறு வெள்ளை. இருட்டில் சத்தமே இல்லாமல் வெள்ளையாக ஏதோ ஒன்று தலைக்கு மேல் போய், மனித முகத்தோடு திரும்பிப் பார்த்தால் பேய் என்று சொன்னவரைக் குறை சொல்ல மாட்டேன். மாந்தோப்பிலும் புளியமரத்திலும் குடியிருக்கும் பொரிப்புள்ளி ஆந்தையின் குரல் நடுங்கி நடுங்கி இழுக்கும். கேரளத்தில் அதைக் காலன்கோழி என்பார்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புக்குப் பஞ்சமில்லை. அறிவியல் அந்த ஆந்தைக்கு வைத்திருக்கும் பெயர் ஸ்ட்ரிக்ஸ் ஒசெலாட்டா. 1758இல் லின்னேயஸ் ஆந்தைகளுக்கெல்லாம் வைத்த பேரினப் பெயர், ஓவிட்டின் தொட்டிலுக்கு வந்த அதே பறவையின் பெயர், இந்தத் தோப்புகள் வரை வந்திருக்கிறது.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, கர்நாடக எல்லையை ஒட்டிய எங்கள் பகுதிக்குப் பழக்கமான ஒரு மனிதரை விட்டுவிடக் கூடாது. விடிவதற்கு முன் நாய்கள் குரைக்க, தலைப்பாகையும் பழைய கோட்டுமாகத் தெருவில் வரும் குடுகுடுப்பைக்காரர். ஜக்கம்மாவின் பெயரைச் சொல்லி, நல்ல காலம் பிறக்கிறது என்பவர். கர்நாடகத்தில் அவர் புடுபுடிக்கெ. அவருக்குச் சேதி சொல்லும் பறவை ஹாலக்கி. அந்த ஹாலக்கி வேறெதுவும் இல்லை, புள்ளி ஆந்தைதான். இருள் பிரியாத நேரத்தில் ஊருக்கு வெளியே போய் அதன் குரலைக் கேட்டு, அது சொன்ன சகுனத்தை வீடு வீடாகக் கொண்டுவருகிறார். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய நூல் மைசூர் மக்கள்தொகைக் கணக்கு அறிக்கையிலிருந்து இவர்களைப் பற்றிய குறிப்பை எடுத்துத் தருகிறது. இரண்டு பக்கமும் தோல் கட்டிய சின்ன உடுக்கை, முடிச்சுப் போட்ட கயிறு, மணிக்கட்டின் ஒரு சுழற்றல். அதிலிருந்து எழும் ஓசை பறவைக் குரலை ஒத்திருக்கிறது என்று அந்தக் குறிப்பு சொல்கிறது. கையில் வைத்திருப்பது தாளக்கருவி என்று நாம் நினைத்தோம். அவர் ஆந்தையின் நாக்கைக் கையில் வைத்திருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

அதே சிறு பறவை ஒரு வீட்டில் பிள்ளையைக் கொல்ல வந்தது, அடுத்த வீட்டில் பெண்ணுக்கு வரன் அமையும் என்று சொல்ல வந்தது. நல்லதும் கெட்டதும் கேட்கிறவர்களின் நிலைமையில் இருந்தது, பறவையிடம் இல்லை. குடுகுடுப்பைக்காரர்கள் பல தலைமுறை ஆந்தையோடு பேசி, அதற்கு நல்ல வார்த்தையும் பேசத் தெரியும் என்று ஊரை நம்ப வைத்தார்கள். அந்தக் குடும்பங்களின் பிள்ளைகள் இப்போது வேறு வேலை தேடிப் போகிறார்கள். யாரும் அதைத் தவறென்று சொல்ல முடியாது. அவர்களோடு போய்விடுவது ஆந்தையின் சார்பில் பேசிய ஒரு மரபு.

பயம் மட்டும் போகவில்லை, அது வியாபாரமாயிற்று. வனவிலங்கு வணிகத்தைக் கண்காணிக்கும் டிராஃபிக் இந்தியா அமைப்புக்காக அப்ரார் அகமது செய்த ஆய்வு 2010 நவம்பரில் வெளிவந்தது. இந்தியாவில் பதிவான 30 ஆந்தை இனங்களில் 15 இனங்கள் சந்தையில் விற்கப்பட்டதை அது காட்டியது. மந்திரவாதம், தீபாவளி நேரத்துப் பலி, நகத்துக்கும் எலும்புக்கும் தனி விலை. அதிகம் தேடப்படுவது காதுபோல இறகு தூக்கி நிற்கும் பெரிய ஆந்தைகள். பாறைக் குன்றுகளில் வாழும் கொம்பன் ஆந்தைக்கு எங்கள் மாவட்டத்தின் கற்குன்றுகள் இயல்பான வீடு. 2018 இறுதியில் தெலங்கானா தேர்தல் நேரத்தில், கர்நாடகத்தின் சேடம் பகுதியில் கொம்பன் ஆந்தைகளோடு சிலர் பிடிபட்டார்கள். எதிரிக்குக் கேடு செய்யக் கொண்டுபோனதாகச் செய்தி வந்தது. எல்லா ஆந்தைகளுக்கும் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. பிடிப்பதும் விற்பதும் குற்றம்.

ஓவிட் போட்ட கேள்வியின் இரண்டாவது பாதிக்கும் பலி விழுந்துகொண்டுதான் இருக்கிறது. பறவை கிழவியாகும்போது, அந்தக் கிழவிக்கு ஒரு முகவரியும் வந்துவிடுகிறது: தனியாக இருக்கும் விதவை, பிள்ளையில்லாதவள், ஒரு துண்டு நிலம் வைத்திருப்பவள். சூனியக்காரி என்று அடித்துக் கொல்லப்பட்ட பெண்களைப் பற்றி ஜார்க்கண்டிலிருந்து வரும் செய்திகளை நாம் படித்துக்கொண்டுதான் இருக்கிறோம். 1990களில் கர்நாடகத்தில், தெரிந்தவர் குரலில் கதவு தட்டும் பெண் பேய்க்கு அஞ்சி வீட்டுச் சுவர்களில் 'நாளே பா' என்று எழுதி வைத்தார்கள்; நாளை வா என்று அவளை அனுப்புவதற்காக. சுவரில் எழுதுவதோடு நின்ற பயம் நல்ல பயம். நிற்காத பயங்களுக்காகவே கர்நாடகம் 2017இல் மாந்திரீகக் கொடுமைகளைத் தடுக்கும் சட்டத்தை நிறைவேற்றி, 2020 ஜனவரியில் நடைமுறைக்குக் கொண்டுவந்தது.

லங்சுயிர் பிறந்த மலேசியாவில் இன்று நடப்பதையும் சொல்ல வேண்டும். அங்கே ஆந்தைக்குப் பெயரே பேய்ப்பறவை, புரோங் ஹந்து. அதே நாட்டின் செம்பனைத் தோட்டங்களில், தமிழர்கள் தலைமுறைகளாக வேலை பார்த்த தோட்டங்களில், எலியை ஒழிக்கக் கம்பத்தின்மேல் மரப்பெட்டி வைத்துக் கூகையை வளர்க்கிறார்கள். நம் ஊர் நெல்வயலில் டி வடிவத்தில் குச்சி நட்டு வைக்கச் சொல்வதும் ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கத்தான். நற்றிணைத் தோழிக்குத் தெரிந்திருந்ததுதான் இது.

தமிழ்நாட்டில் 1971இல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 113 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. 2020இல் அது 13. இந்த ஐம்பது ஆண்டுகளில் ஆந்தைகள் வானத்தில் பறப்பதை நிறுத்திவிடவில்லை. தடுப்பூசி வந்தது, ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரசவம் வந்தது, கிராம செவிலியர் வந்தார், குழாயில் தண்ணீர் வந்தது, உப்பும் சர்க்கரையும் கலந்த ஓஆர்எஸ் பாக்கெட் வந்தது. பட்சி தோஷத்தின் அடையாளங்களை மறுபடி படித்துப் பாருங்கள்: பேதி, வாந்தி, சூம்பிய கை கால். உடம்பில் நீர் வற்றுவதும் சத்துக் குறைவதும் அன்றி வேறொன்றுமில்லை.

கொடியிலிருந்து துணியைப் பொழுதோடு எடுப்பவர்களிடம் நான் சண்டைக்குப் போக மாட்டேன். ஈரமும் பூச்சியும் ஏறாத துணி பிள்ளைக்கு நல்லது. வசம்பு கட்டுங்கள், வேப்பிலை செருகுங்கள், தர்காவில் கயிறு மந்திரித்தும் வாருங்கள். ஆனால் பேதி தொடங்கிய அன்றே தாய்ப்பாலை நிறுத்தாமல், ஓஆர்எஸ் கரைத்துக் கொடுத்துக்கொண்டே சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கண் குழிந்து பிள்ளை துவண்டால் 108ஐக் கூப்பிடுங்கள். மந்திரிப்பது முடியட்டும் என்று காத்திருந்த ஒரு நாளில்தான் பல பிள்ளைகள் போயிருக்கின்றன. வீட்டுப் புளியமரப் பொந்தில் ஆந்தை குடியிருந்தால் கல்லெறியவும் பிடிக்கவும் யாரையும் விடாதீர்கள்.